தரையில் வைத்த நிறம்: செட்டிநாட்டு வீடுகள் விடுதிகளானபோது

சென்னையிலோ பெங்களூரிலோ புதிதாகத் திறக்கும் உணவகம், காபிக்கடை, சிறு விடுதி என்று எதற்குள் நுழைந்தாலும் காலடியில், காரைக்குடி அருகே ஆத்தங்குடியில் கையால் செய்யும் தரைக்கல்லின் பூ விரிந்திருக்கிறது. சுவரில் வாழையிலைப் பச்சை, மூலையில் பித்தளை உருளி, வாசலில் எங்கிருந்தோ பெயர்த்து வந்த தேக்குத் தூண். எல்லாமே செட்டிநாட்டு வீடுகளில் இருப்பவைதான். ஆனால் அந்த வீடுகளின் வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில், உட்கார்ந்தால் கிடைக்கும் அமைதி இங்கே கிடைப்பதில்லை. சாப்பாடு வருவதற்குள் கண் களைத்துவிடுகிறது. அதே கல், அதே நிறம், ஆனால் விளைவு வேறு.

ஏன் இப்படி ஆகிறது என்பதைத்தான் இந்த ஆய்வு பார்க்கிறது. எடுத்துக்கொண்ட களம், காரைக்குடியைச் சுற்றியுள்ள நகரத்தார் (செட்டிநாட்டு வணிகச் சமூகத்தார்) வீடுகளும், அவற்றில் சில 1990-களின் கடைசியிலிருந்து தங்கும் விடுதிகளாக மாறிய விதமும். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வீடுகளைக் கட்டியவர்கள் எந்த நிறம் என்று யோசித்ததைவிட, நிறத்தை எங்கே வைப்பது, எங்கே வைக்காமல் விடுவது என்று அதிகம் யோசித்திருக்கிறார்கள். இன்றைய உள் அலங்காரம் அவர்களுடைய நிறங்களை எடுத்துக்கொண்டு, இடத்தை விட்டுவிட்டது.

வீடுகள் எப்படி விடுதிகளாயின

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியிருக்கும் செட்டிநாட்டில் முன்பு 96 ஊர்கள் என்பார்கள். இன்று எழுபத்தைந்தளவில் இருக்கின்றன. பெரிய வீடுகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940-கள் வரை எழுந்தவை. பணம் பர்மா, இலங்கை, மலாயா என்று கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போன இடங்களிலிருந்து வந்தது. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியத்துக் கண்ணாடி, ஜப்பானியப் பூ ஓடுகள் எல்லாம் அந்தப் பணத்தோடு வந்தவை. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் வரவு முறிந்தது. வீடுகள் பூட்டப்பட்டன. வருஷத்துக்கு ஒரு கல்யாணம், முன்னோருக்கு ஒரு படைப்பு என்று மட்டும் திறக்கப்பட்டன. பங்காளிகள் பெருகிப் பாகம் பிரிக்க வழியில்லாத வீடுகள் பல இடிக்கப்பட்டன. அவற்றின் தூண்களும் நிலைகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து உலகம் சுற்றப் போயின.

இடிக்காமல் காப்பாற்ற ஒரு வழி விடுதி. காரைக்குடியில் ‘பங்களா’ 1999-இல் விருந்தினர்களுக்குத் திறந்தது. கானாடுகாத்தானில் 1930-களில் ஒரு தந்தை தன் மகளுக்காகக் கட்டிய ‘விசாலம்’, திருமயத்துக்கு அருகே கடியாபட்டியில் ‘சிதம்பர விலாஸ்’, கோத்தமங்கலத்தில் இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் புதுப்பித்த ‘சாரதா விலாஸ்’ என்று வரிசை நீண்டது. 2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. படப்பிடிப்புக் குழுக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டன. இன்று சென்னை இளைஞர் ஒருவர் தன் கடைக்கு ஆத்தங்குடிக் கல் வேண்டும் என்று கேட்கிறார் என்றால், அவர் அதை முதலில் பார்த்தது திரையில்தான் இருக்கும்.

வாசல் முதல் பின்கட்டு வரை

ஒரு சராசரிப் பெரிய வீட்டை முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை நடந்து பார்க்கலாம். தெருவிலிருந்து பார்த்தால் முகப்பு ஆர்ப்பாட்டம்தான். சுதையில் கஜலட்சுமி, இரு பக்கமும் சிப்பாய்கள், நீலமும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக வண்ணம். திண்ணையில் ஏறினால் கருங்கல்லும் தேக்குமாகத் தூண்கள். சில வீடுகளில் சுவரின் அடிப்பகுதியில் இடுப்பளவு உயரத்துக்குப் பூ ஓடுகள். தலைக்கு மேலே வண்ணம் தீட்டிய மர விதானம். முகப்புக் கூடத்தில் பளிங்குத் தரை, நிலைக்கண்ணாடி, சரவிளக்கு. விருந்தாளிக்குக் காட்ட வேண்டியதெல்லாம் இங்கே இருக்கிறது.

நிலையைத் தாண்டி வளவுக்குள் போனதும் காட்சி மாறுகிறது. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் கூரையிட்ட தாழ்வாரமான பத்தி, பத்தியை ஒட்டி வரிசையாக அறைகள். சுவர் வெள்ளை. வெறும் சுண்ணாம்பு வெள்ளை இல்லை. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்பைப் பல பூச்சாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பேற்றிய வெள்ளை. கையை வைத்தால் பீங்கான்போல் வழுக்கும். அதில் ஓவியம் இல்லை, வண்ணம் இல்லை. தூணும் கதவும் தேக்கின் கரும்பழுப்பு. நிறம் என்று ஒன்று இருப்பது கீழே, தரையில் மட்டும்.

அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டு, சமையல்கட்டு, பின்வாசல். போகப் போகப் பூ குறைகிறது. சிவப்புச் சாந்துத் தரை, பிறகு வெறும் கல் பாவிய தரை. எண்ணெயும் தண்ணீரும் புழங்கும் இடத்தில் யாரும் பூப்போடவில்லை.

விடுதி வடிவமைப்பவர்கள் இந்த வரிசையை ஒரு பாடமாகவே படிக்கலாம். முகப்பில் நிறம் உச்சத்தில் இருக்கிறது. அங்கே யாரும் நெடுநேரம் உட்காரப் போவதில்லை. நாள் முழுக்க ஆட்கள் புழங்கும் வளவில் அது தரையோடு நின்றுவிடுகிறது. வேலை நடக்கும் இடத்தில் மறைந்துவிடுகிறது. இன்று நாம் வரவேற்பறையைச் சாம்பல் நிறத்தில் அடக்கி வைத்துவிட்டு, மனிதன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடும் கூடத்தில் எல்லா நிறத்தையும் கொட்டுகிறோம். இது நேர் தலைகீழ்.

வெளிச்சம் விழும் இடம்

வளவில் நிறம் ஏன் தரையில் இருக்கிறது? மரபு என்று சொல்லிக் கடந்துவிடலாம். நடு வீட்டுக் கோலம் போடுகிறவர்களுக்குத் தரைதான் எழுதும் பலகை என்றும் சொல்லலாம். ஆனால் வெளிச்சக் கணக்கு இன்னும் நேரான பதிலைத் தருகிறது.

காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வடக்கு அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நிற்கிறது. மற்ற மாதங்களிலும் மேலிருந்தே அடிக்கிறது. ஆகவே முற்றத்துக்குள் இறங்கும் வெயில் சுவரை அதிகம் தொடுவதில்லை. நேராகத் தரையில் விழுந்து, அங்கிருந்து பத்தியின் கூரைக்கும் சுவருக்கும் ஏறுகிறது. அதாவது இந்த வீட்டில் வெளிச்சம் கீழிருந்து மேலே வருகிறது. தரையில் சிவப்பும் மஞ்சளும் இருந்தால், மேலே ஏறும் வெளிச்சம் அந்த நிறத்தில் கொஞ்சத்தைத் தூக்கிக்கொண்டு போகும். நண்பகலில் பத்தியில் நின்று வெள்ளைச் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். முழங்கால் உயரம் வரை லேசான செம்மை ஏறியிருக்கும். மெருகேற்றிய சுவர் என்பதால் தரையின் பூவும் மங்கலாக அதில் தெரியும். வெயில் நகர நகர அந்தச் செம்மையும் நகரும். சுவருக்கு யாரும் வண்ணம் அடிக்கவில்லை, தரை அடித்துக்கொண்டிருக்கிறது.

நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் எண்பது சதவீதத்துக்கும் மேல் திருப்பித் தரும். அடர்சிவப்புத் தரை அதில் சிறு பங்குதான் தரும். இந்த ஏற்றத்தாழ்வு இருப்பதால்தான் தரையில் எவ்வளவு பூ இருந்தாலும் அறை கனத்துப் போவதில்லை. சுவரையும் அடர்பச்சையாக்கினால் இந்தக் கணக்கு உடைகிறது. தரையும் ஒளியை விழுங்கும், சுவரும் விழுங்கும். பிறகு அதை ஈடுகட்ட விளக்கு மேல் விளக்கு மாட்டுவார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வளவுப் பத்தியில் மேசை நாற்காலி கிடையாது. பாய் விரித்து உட்கார்ந்தார்கள், படுத்தார்கள், இலை போட்டுச் சாப்பிட்டார்கள், எழுந்ததும் சுருட்டி வைத்தார்கள். தரை வெறுமையாகக் கிடந்தது. ஓரத்தில் கரை, நடுவில் பூ, இடையில் ஒற்றை நிறப் பட்டை என்று ஜமக்காளம் விரித்ததுபோல அந்தத் தரை அமைந்திருப்பது, அது முழுசாகக் கண்ணில் படும் என்ற நம்பிக்கையில்தான். அதே பூவின்மேல் நாற்பது நாற்காலிகளை வைத்தால் நூற்றறுபது கால்கள் கோலத்தைக் கிழித்துக்கொண்டு நிற்கும். நகரத்து உணவகங்களில் கண் களைப்பதற்கு இதுவே பாதிக் காரணம் என்பது என் கணிப்பு.

கல் பிறக்கும் விதம்

ஆத்தங்குடியில் பட்டறை ஒன்றில் அரை மணி நேரம் நின்றாலே இந்தக் கல்லைப் பற்றிய பல தவறான எண்ணங்கள் போய்விடும். இது சுட்ட ஓடு இல்லை. சூளையே கிடையாது. சதுரமாக வெட்டிய கண்ணாடித் தகடு ஒன்றை எடுத்துத் துடைத்து வைக்கிறார்கள். அதைச் சுற்றி இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பித்தளைத் தகட்டில் வளைத்துச் செய்த பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் சிமெண்டும் மணலும் வண்ணப் பொடியும் கலந்த குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். இதழுக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை, வெளிக்கு மஞ்சள். ஒரு கண்ணிலிருந்து பக்கத்துக் கண்ணுக்குத் துளி சிந்தாமல் ஊற்றும் கைதான் முழு வித்தையும். ஊற்றி முடித்ததும் அச்சை ஒரே தூக்கில் நேராக மேலே எடுத்துவிடுகிறார்கள். நிறங்கள் கலப்பதில்லை, ஓரத்தில் மயிரிழை அளவு ஒன்றையொன்று தொட்டு நின்றுவிடும். தேர்ந்த கைகள் சில வேளை அச்சில்லாமலே ஒரு நிறத்தின்மேல் இன்னொன்றை இழுத்துப் பூ வரைந்துவிடுகின்றன.

பிறகு மேலே ஈரமில்லாத சிமெண்ட் மணலைத் தூவுகிறார்கள். அது கீழே இருக்கும் குழம்பின் ஈரத்தை உறிஞ்சி இறுக்குகிறது. அதற்கும் மேல் கரடான சாந்தை வைத்து அழுத்தி மட்டம் செய்கிறார்கள். காய்ந்ததும் தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊற வேண்டும். எடுத்து உலர்த்தும்போது கண்ணாடி தானாகவே கழன்று வருகிறது. கல்லின் முகத்தில் இருக்கும் பளபளப்பு அந்தக் கண்ணாடியின் பளபளப்பு. மெருகெண்ணெயோ மேற்பூச்சோ எதுவும் இல்லை.

சிமெண்டில் பூப்போட்ட தரைக்கல் உலகம் முழுக்க இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தெற்கு பிரான்சில் தொடங்கிய வழக்கம், பார்சிலோனா, மொரோக்கோ, கியூபா, வியட்நாம் என்று பரவியது. மும்பையில் 1922-இல் தொடங்கிய ‘பாரத் ஃப்ளோரிங்ஸ்’ சுதேசிக் காலத்து முயற்சி. அங்கெல்லாம் நீர் அழுத்த எந்திரத்தில் கல்லை நசுக்கிச் செறிவாக்குகிறார்கள். ஆத்தங்குடியில் எந்திரம் இல்லை. கண்ணாடியும் கையும் காத்திருப்பும் மட்டும். அதனால் கல் சற்று மென்மையானது, துளை கொண்டது, ஒன்றுபோல் ஒன்று இராதது. ஒரு விடுதிக்கு இந்த மூன்றுமே முக்கியமான செய்திகள்.

நிறத்தைப் பொறுத்தவரை, சிமெண்டின் காரத்தைத் தாங்கும் பொடிகள் கொஞ்சம்தான். இரும்பு ஆக்சைடு தரும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு, குரோமியம் ஆக்சைடு தரும் பச்சை ஆகியவை நிலைத்து நிற்கும். செட்டிநாட்டுத் தரைகளில் இவையே திரும்பத் திரும்ப வருவதற்கு அழகுணர்ச்சி ஒரு காரணம் என்றால், வேதியியல் இன்னொன்று. நிறங்களுக்குத் தர எண் வகுக்கும் பேண்டோன் நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு ஒரு நிறத்தை அறிவித்து வருகிறது. 2023-க்கு ஒரு மெஜந்தா, 2024-க்குப் பீச் பழ நிறம், 2025-க்கு மோக்கா பழுப்பு. மெஜந்தா ஆண்டில் அதே நிறத்தில் ஆத்தங்குடிக் கல் செய்து தர முடியுமா என்று கேட்டவர்கள் உண்டு. எதைக் கலந்தாவது அன்றைக்குச் செய்து தந்துவிடலாம். காரத்தைத் தாங்காத சாயம் வைத்த கல் வெயில் படும் வாசலில் நாள்போக்கில் வெளிறிவிடும். ஓராண்டு வாழும் நிறத்தை, ஐம்பது ஆண்டு வாழும் கல்லில் கேட்பது என்ன நியாயம்? திரையை மாற்றலாம், மெத்தை உறையை மாற்றலாம். அங்கே விளையாடுங்கள்.

இருட்டறை என்ற சிக்கல்

வீடு விடுதியானபோது உண்மையான தலைவலி தரை இல்லை, அறைகள். வளவைச் சுற்றியுள்ள அறைகள் தூங்குவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. கல்யாணமான ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது தம்பதிக்கும், ஓர் அறை. அதில் சீர்ச் சாமான், பெட்டகம், பாத்திரம், கொஞ்சம் தனிமை. பெரும்பாலும் சின்னது, ஜன்னல் குறைவு, கதவைச் சாத்தினால் பகலிலேயே இருட்டு. இதற்குள் இரட்டைக் கட்டிலும் குளிர்சாதனமும் குளியலறையும் வைக்க வேண்டும் என்றால் என்ன செய்வது?

பலர் அறையிலும் பழமையைக் கொட்டினார்கள். பூத்தரை, செதுக்குக் கட்டில், ரவிவர்மா அச்சுப் படம், சிவப்புப் பட்டு விரிப்பு. வெளிச்சம் இல்லாத அறையில் இவ்வளவும் சேர்ந்தால் பொக்கிஷ அறைக்குள் பூட்டிவிட்டதுபோல் இருக்கும், முதல் இரவு ரசிக்கலாம், இரண்டாம் இரவு மூச்சு முட்டும். நன்றாகச் செய்தவர்கள் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தார்கள். மாடியிலும் பக்கவாட்டிலும் காற்றும் வெளிச்சமும் உள்ள பகுதிகளைப் படுக்கையறைகளாக்கி, வளவு அறைகளைச் சாமான் வைக்கவும் அலுவலுக்கும் விட்டுவிட்டார்கள். அல்லது அறைக்குள் நிறத்தையே துறந்தார்கள்: வெள்ளைச் சுவர், வெள்ளைப் பருத்தி விரிப்பு, ஒற்றை நிறத் தரை, ஒரே ஒரு நல்ல மரச்சாமான். கதவைத் திறந்தால் பத்தியில் பூ இருக்கிறதே, உள்ளேயும் எதற்கு?

‘விசாலம்’ போன்ற 1930-களின் வீடுகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. அது ஆர்ட் டெக்கோ பாணி நாட்டுக்குள் நுழைந்த காலம். அறைகள் பெரியவை, ஜன்னல்கள் நிறைய, கோடுகள் நேரானவை. நூறாண்டுப் பழமையான வளவு வீட்டைவிட அது விடுதியாக எளிதில் இசைந்துவிடுகிறது. ‘செட்டிநாட்டு பாணி’ என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் கட்டிவிடுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

முற்றத்துக்குக் கண்ணாடி மூடி

விடுதிக்காரர்களுக்கு மழை ஒரு கவலை, குரங்கு ஒரு கவலை, கொசு இன்னொன்று. ஆகவே முற்றத்தின்மேல் கண்ணாடியோ பாலிகார்பனேட் தகடோ போட்டு மூடிவிடுகிறார்கள். நகரத்தில் கட்டும் போலி முற்றங்களோ பிறக்கும்போதே மூடியவை. இதனால் மூன்று மாற்றங்கள் நேர்கின்றன.

வெப்பக் காற்று மேலே போக வழியில்லாமல் தங்கிவிடுகிறது. இது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது, வெளிச்சம் மாறுகிறது. நிறமேற்றிய தகடு, குறிப்பாக நீலமோ பச்சையோ, கீழே வரும் ஒளியையே மாற்றிவிடும். சிவப்புத் தரை சேற்றுப் பழுப்பாகத் தெரியும். மூட வேண்டியது கட்டாயம் என்றால் நிறமில்லாத கண்ணாடியை, ஓரங்களில் காற்று போக இடைவெளி விட்டு, உயரத் தூக்கிப் போடலாம்.

மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை: சத்தம். வளவில் எல்லாமே கடினமான பரப்பு. மெருகுச் சுவர், சிமெண்டுக் கல், பளிங்கு. ஒலி எதிலும் அடங்காது. ஆனாலும் கல்யாணக் கூட்டத்தில்கூட அந்த வளவு காதைக் கிழிப்பதில்லை. ஏனென்றால் நடுவில் திறந்திருக்கும் வானம், போன சத்தத்தைத் திருப்பித் தருவதில்லை. அதை மூடியதும் சத்தம் உள்ளேயே சுற்றுகிறது. நகரத்து உணவகத்தில் பூத்தரை, கண்ணாடிக் கூரை, பளபளச் சுவர் மூன்றையும் ஒன்றாக வைத்துவிட்டு, வாடிக்கையாளர்கள் ஏன் சீக்கிரம் எழுந்து போகிறார்கள் என்று தேடுகிறார்கள். மேல்தளத்தில் ஒலியை உறிஞ்சும் பலகையோ, தென்னை நார் அட்டையோ, கனத்த துணியோ வைத்தால் நிறத்தின் எரிச்சலும் பாதி குறைந்ததுபோல் தோன்றும். கண்ணும் காதும் சேர்ந்துதான் களைக்கின்றன.

நகரத்துக்குப் போன பூ

நகரத்தில் இரண்டு வகைத் தரைகள் இருக்கின்றன. ஒன்று ஆத்தங்குடியிலிருந்து லாரியில் வந்த கல். மற்றொன்று அதன் படத்தை எந்திரத்தில் அச்சிட்ட, சூளையில் சுட்டு இறுக்கிய விட்ரிஃபைடு டைல்ஸ். இரண்டாவதை நான் தாழ்த்திப் பேச மாட்டேன். சமையலறை ஓரம், கழிவறை, படிக்கட்டு போன்ற இடங்களில் அதுதான் சரி. மெருகான சிமெண்டுக் கல் ஈரத்தில் வழுக்கும். எண்ணெய்க் கறையை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் பெரிய கூடத்தில் அச்சு டைல்ஸ் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். எந்திரத்தில் நாலைந்து முகங்கள்தான் மாறி மாறி வரும், அதே கறை, அதே ‘கைத்தவறு’ ஐந்தாவது கல்லில் திரும்ப நிற்கும். அதோடு, இரண்டு கல்லுக்கு நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பூச்சு நிரப்புவார்கள். நாலு கல் சேர்ந்து ஆகும் பூவின் நடுவில் சாம்பல் நிறச் சிலுவை விழும். உண்மைக் கல்லை ஒட்டி ஒட்டிப் பதிப்பார்கள். பூ முழுசாக இருக்கும்.

விளக்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மலிவான எல்இடி விளக்குகளில் சிவப்புப் பகுதி குறைவு. நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதன் அளவான சி.ஆர்.ஐ. எண் 80 என்று அட்டையில் போட்டிருந்தாலும், அடர்சிவப்பை அது எப்படிக் காட்டும் என்பது அந்த எண்ணில் சரியாகத் தெரியாது. அதற்கு ஆர்9 என்று தனி அளவு இருக்கிறது. செட்டிநாட்டுத் தரையின் உயிரே இரும்புச் சிவப்பு. ஆர்9 குறைந்த விளக்கின் கீழ் அது உலர்ந்த பழுப்பாகிவிடும், சாம்பாரும் கூடவே வெளிறும். உணவகத்துக்கு 2,700 முதல் 3,000 கெல்வின் நிற வெப்பநிலையும் (இளமஞ்சள் சாயும் ஒளி), 90-க்கு மேற்பட்ட சி.ஆர்.ஐ.யும் கேட்டு வாங்குவது கல்லுக்குச் செலவழிப்பதைவிட முக்கியம். விளக்கை நேராகக் கீழே அடிக்காமல், வெள்ளைச் சுவரிலோ மேல்தளத்திலோ பட்டுப் பரவும்படி வைத்தால் இன்னும் நல்லது. அப்போது மேசைமேல் நிழலும் குறையும், மெருகுத் தரையில் விளக்கின் பிம்பம் கண்ணைக் குத்துவதும் குறையும்.

பூவை எங்கே போடுவது என்று கேட்டால், என் வழக்கமான பதில் இதுதான்: வாசல், காத்திருக்கும் இடம், மேசைகளுக்கு நடுவே செல்லும் நடைபாதை. மேசைக்குக் கீழே அதே ஆத்தங்குடியிலிருந்தே ஒற்றை நிறக் கல், பூவில் இருக்கும் சிவப்போ மஞ்சளோ. இரண்டுக்கும் நடுவே ஒரு கரை. கல்லின் மொத்தச் செலவும் குறையும், பூவும் முழுசாகத் தெரியும். கடைக்காரர்கள் இதற்கு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. புகைப்படத்தில் தரை முழுக்கப் பூ இருந்தால்தான் ‘எடுப்பாக’ இருக்கும் என்பது அவர்கள் வாதம். திறப்பு விழாவன்று, நாற்காலி வருவதற்கு முன் எடுத்த படத்தில் அது உண்மைதான்.

துடைப்பவர் கையில்

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஆறு மாதத்தில் தரை போய்விடலாம். சென்னையில் ஓர் உணவகம், பெயர் வேண்டாம், லட்சங்கள் செலவழித்துப் பதித்த தரையை, திறப்பதற்கு முந்தைய நாள் கட்டுமான ஒப்பந்தக்காரரின் ஆட்கள் ஆசிட் ஊற்றிக் கழுவினார்கள். சிமெண்டை ஆசிட் தின்னும். கண்ணாடி கொடுத்த பளபளப்பு ஒரே கழுவலில் போய், முகம் சொரசொரத்து, அன்றிலிருந்து விழும் ஒவ்வொரு சொட்டுக் குழம்பும் உள்ளே இறங்கியது. பாலிஷ் எந்திரம் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்கள். மேலே இருக்கும் நிறப்படலம் சில மில்லிமீட்டர் கனம்தான். தேய்த்த இடத்தில் பூ மெலிந்தது.

ஊரில் இந்தக் கல்லைப் பராமரிக்கும் முறை சாதாரணம். பதித்த புதிதில் மற்ற வேலைகள் முடியும்வரை மூடி வைப்பது. பிறகு வெறும் தண்ணீரில் துடைப்பது, அவ்வப்போது துணியில் சில துளித் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைப்பது. கால் பட்டுக் கால் பட்டு மெருகு ஏறிக்கொண்டே போகும். தொடக்க மாதங்களில் சில கற்களில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அது சிமெண்டிலிருந்து வெளிவரும் சுண்ணாம்பு. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வந்தால் நாளடைவில் நின்றுவிடும். இதைக் கண்டு பயந்து பிளாஸ்டிக் படலம்போல் பிடிக்கும் மேற்பூச்சை அடிப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கீழ்த்தளத்தில் மண்ணிலிருந்து ஏறும் ஈரம் அந்தப் படலத்துக்கு அடியில் சிக்கி, செதில் செதிலாக உரிந்து வரும். பூச்சு வேண்டுமென்றால் கல்லுக்குள் ஊறி, மூச்சை அடைக்காத வகையைக் கேட்க வேண்டும்.

கற்களை வாங்கும்போது தேவைக்கு மேல் பத்தில் ஒரு பங்காவது கூடுதலாக, அதே முறை ஊற்றியதிலிருந்து, வாங்கி வையுங்கள். அடுத்த முறை ஊற்றும் சிவப்பு இதே சிவப்பாக இராது. கை மாறும், மணல் மாறும், வெயில் மாறும். செட்டிநாட்டு வீடுகளிலேயே பின்னாளில் உடைந்த கல்லுக்குப் பதில் வைத்த கல் எது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். அங்கே அது உறுத்துவதில்லை. உங்கள் கடையில் உறுத்துமா என்பது, சுற்றி எவ்வளவு வெள்ளை விட்டிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.